நாற்பத்தொன்றரை அங்குலம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு, கரையிலிருந்து ஒன்பது மைல் தள்ளி நடுக்கடலில், தையல்காரரின் இரண்டு கைகளும் நாற்பத்தொன்றரை அங்குல இடைவெளியில் நின்றுபோயின. அதன்பின் மூன்று வருடம் நான்கு மாதம் அப்படியே இருந்தன. கைகளை மேலே தூக்கலாம், கீழே இறக்கலாம், பக்கவாட்டில் திருப்பலாம், பத்து விரலையும் மடக்கி நீட்டலாம், எதற்கும் தடையில்லை. வலது உள்ளங்கைக்கும் இடது உள்ளங்கைக்கும் நடுவில் இருந்த தூரம் மட்டும், ஒரே ஒரு சாயங்காலத்தைத் தவிர, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த வாரம் ஊரில் குழாய்த் தண்ணீர் இரண்டு நாள் வரவில்லை. அதனால் கைகளைப் பற்றிய பேச்சு இரண்டாம் இடத்தில்தான் இருந்தது.

ஊரில் அவருக்கு அரை இன்ச்சு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஒன்று உண்டு, ஆனால் வாக்காளர் பட்டியலைத் தவிர அதை யாரும் பயன்படுத்தியதில்லை. ஒரு முறை வங்கி மேனேஜருக்குத் தைத்துக் கொடுத்த பேன்ட் அரை அங்குலம் நீளம் கூடிவிட்டது என்று வீட்டுக்குப் போனபிறகு உறைக்க, மறுநாள் காலை நேரே வங்கிக்குப் போய், மேனேஜரை ஸ்டூலில் ஏற்றி நிறுத்தி, வரிசையில் நின்ற ஜனம் வேடிக்கை பார்க்க மடித்துத் தைத்துவிட்டுத்தான் கடையைத் திறந்தார். டேப் அவர் கழுத்தில் தொங்கியது வெறும் அடையாளத்துக்குத்தான். கண்ணாலேயே அளப்பார். எதிரே வருகிறவரின் இடுப்பு போன மாதத்தைவிட எவ்வளவு பெருத்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும் என்பதால், அவர் கடை இருந்த தெருவில் நடப்பவர்கள் எல்லோரும் வயிற்றை எக்கிக்கொண்டே நடந்தார்கள். அவர் ஓர் அளவைச் சொன்னபிறகு இன்னொரு முறை அளந்து பார்ப்பது அவரைக் கைநீட்டி அடிப்பதற்குச் சமம். அதை யாரும் செய்ததில்லை.

அவருடைய மனைவி நூலகர். இனம் இனத்தோடுதான் சேரும் என்பார்கள், அது இந்த வீட்டில் உண்மை. அந்த அம்மாள் நீல அட்டை போட்ட ஒரு பறவைக் குறிப்பேடு வைத்திருந்தார். ஊரில் பறவை பார்க்கிற நாலைந்து பேருக்கும் அதுதான் சட்டப் புத்தகம். பல் டாக்டர் ஒரு தடவை தன் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் பூநாரை குளித்ததாகச் சொன்ன நாளில் அந்த அம்மாள் ஒரு விதி போட்டார்: இரண்டு பேர் பார்த்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் அது ஏட்டில் ஏறும். ஒருவர் மட்டும் பார்த்தால் அது பறவை இல்லை, அபிப்பிராயம். சொந்தத் தம்பி பார்த்த ஆந்தையையே அவர் இந்த விதியைக் காட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறார். அவரிடம் இருந்த பறவைப் படப் புத்தகத்தில் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கடற்பறவை இருந்தது. உலகத்தின் அடுத்த கோடியில் மட்டும் வாழ்வது, தரையில் கால் வைக்காமல் வருடக்கணக்கில் பறப்பது, இந்தப் பக்கம் வர வாய்ப்பே இல்லாதது. அந்தப் பக்கத்தை மட்டும் அவர் அடிக்கடி திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

வருடத்துக்கு ஒரு முறை இவர்கள் ஐந்து பேர் கடலுக்குப் போவார்கள். தையல்காரர், அவர் மனைவி, மனைவியின் தம்பியான ஐஸ் தொழிற்சாலை மெக்கானிக், பல் டாக்டர், படகுக்காரர். பாதிப் பேருக்கு மீன் வேண்டும், பாதிப் பேருக்குப் பறவை வேண்டும். மீன் பிடிக்கப் படகு நிற்க வேண்டும், பறவை பார்க்கப் படகு போக வேண்டும். வருடா வருடம் கரையை விட்டு அரை மைல் போவதற்குள் இந்தச் சண்டை வந்துவிடும். கடைசியில் படகுக்காரர்தான் ஒரு வழி சொன்னார். படகு நிற்கும். இடது பக்கம் பறவைக்காரர்கள், வலது பக்கம் மீன்காரர்கள், நடுவில் சாப்பாட்டுக் கூடை. எந்தப் பக்கத்தார் சத்தம் போட்டாலும் மற்றப் பக்கத்தார் படகைச் சாய்த்துக்கொண்டு ஓடி வரக் கூடாது. அவர் மட்டும் யார் சத்தம் போட்டாலும் எஞ்சினைப் பார்ப்பார். இருபத்தைந்து வருட அனுபவத்தில், கடலில் மனிதர்கள் கத்தினால் அதற்கு எஞ்சின்தான் காரணம் என்று அவர் தெரிந்துவைத்திருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிவரை இடது பக்கம் ஏழு ஆலாப் பறவைகளும் வலது பக்கம் ஒரு பழைய செருப்பும் கிடைத்தன. பதினொன்று பத்தொன்பதுக்குத் தையல்காரரின் தூண்டில் நரம்பு விண்ணென்று இழுபட்டது. ஒரு பெரிய மீன் படகோரமாக மேலே வந்து, தண்ணீர் மட்டத்தில் முழுசாகக் கிடந்து, முதல் தடவை போட்டுப் பார்த்த சட்டை பிடிக்காத வாடிக்கையாளர் மாதிரி அவரை ஒரு பார்வை பார்த்தது. பச்சை முதுகு. விலாவில் பொத்தான் தைத்ததுபோல வரிசையாக ஆறு கறுப்புப் புள்ளிகள், நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் ஒரு பொத்தான் விட்டுப்போன இடைவெளி. அவர் "இங்க பாருங்க" என்று கத்தினார். அதே நொடியில் இடது பக்கத்திலிருந்து மனைவி "அங்க பாருங்க" என்று கத்தினார்.

இந்த இடத்தில் நடந்த தவறை அந்தக் குடும்பத்தைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாது. தையல்காரருக்குப் பக்கத்தில் நின்ற மச்சினன், சின்ன வயதில் அக்கா கூப்பிட்டுத் திரும்பாவிட்டால் கிள்ளு வாங்கிய பழக்கத்தில், மீனை விட்டுவிட்டு அக்காவின் முகத்தைப் பார்த்தான். நூலகருக்குப் பக்கத்தில் நின்ற பல் டாக்டர், ஏழு ஆலாக்களிலேயே அலுத்துப்போய் மனசுக்குள் மீன்காரராக மாறியிருந்ததால், பறவையை விட்டுவிட்டுத் தையல்காரரின் முதுகைப் பார்த்தார். படகுக்காரர் எஞ்சினைப் பார்த்தார். எல்லோரும் தவறு தெரிந்து திரும்புவதற்குள் வலது பக்கம் நரம்பு அறுந்திருந்தது, இடது பக்கம் வானம் காலியாக இருந்தது. பறவை பார்த்தவர் ஒருவர், மீன் பார்த்தவர் ஒருவர். அவர்கள் இருவருக்கும் கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது.

"எவ்வளவு பெருசு மாமா?" என்று மச்சினன் கேட்டான். தையல்காரர் இரண்டு கையையும் விரித்து, "இவ்வளவு. நாற்பத்தொன்றரை" என்றார். மச்சினன் டாக்டரைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, "கொஞ்சம் குறைச்சுக்கலாமே மாமா, ஒரு பத்து இன்ச்சு" என்றான். தப்பிய மீனெல்லாம் பெரிய மீன்தான் என்று டாக்டர் ஒத்து ஊதினார். முப்பது வருடத் தொழிலில் முதல் முறையாகத் தையல்காரர் சொன்ன அளவை ஒருவன் குறைக்கச் சொல்லிவிட்டான். குறைக்க முடியாது என்றார் தையல்காரர். கைகளும் அதையே சொல்லிவிட்டன.

வீட்டு வாசல் முப்பத்து நான்கு அங்குலம். பக்கவாட்டில்தான் நுழைய வேண்டியிருந்தது. சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உண்மையான கஷ்டம் தெரிந்தது. இடது கையை எட்டிய மட்டும் நீட்டினாலும் வலது கை வாயருகே வர ஐந்து அங்குலம் பற்றவில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று ஊரார் சும்மா சொல்லிக்கொண்டிருந்ததை அவர் நிஜமாகவே உட்கார்ந்து பார்த்தார். படகுக்காரர் பழைய துடுப்பு ஒன்றை இழைத்து நீளக் கரண்டி செய்து கொடுத்தார். மனைவிக்கு நேரமிருந்தால் ஊட்டுவார், இல்லாவிட்டால் கரண்டி. ஆஸ்பத்திரியில் படமெடுத்துப் பார்த்துவிட்டு எலும்பில் ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். மீனின் அளவைப் பற்றிக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பேசிப் பார்க்கலாமே என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த ஒரே ஒரு சாயங்காலம் வந்தது எட்டாவது மாதத்தில். கடையில் அவரும் மச்சினனும் மட்டும் இருந்தார்கள். அன்று பகலில் ஒரு சின்னப் பொத்தானைத் தைக்க முடியாமல் ஒரு சட்டையைத் திருப்பி அனுப்பியிருந்தார், மனசு உடைந்திருந்தது. "சரிடா மாப்ள, நாற்பது" என்றார். சொன்னவுடன் கைகள் ஒன்றரை அங்குலம் நெருங்கின. மச்சினன் குதித்தான். முப்பதுன்னு சொல்லுங்க மாமா, இருபதுன்னு சொல்லுங்க, நெத்திலின்னு சொல்லுங்க, எல்லாம் முடிஞ்சுபோச்சு என்றான். தையல்காரர் தன் கைகளைப் பார்த்தார். நெருங்கிவந்த கைகளுக்கு நடுவில் அந்த மீனுக்கு வால் இல்லாமல் போயிருந்தது அவருக்கு மட்டும் தெரிந்தது. "நாற்பத்தொன்றரை" என்றார். கைகள் பழைய இடத்துக்கே போயின. இதை அக்காவிடம் சொல்லக் கூடாது என்று மச்சினனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். சொன்னால், அப்போ நாற்பதா என்று அவள் கேட்டுவிடுவாள் என்ற பயம்.

அதன்பிறகு அவர் சட்டை தைப்பதை விட்டுவிட்டு ஜன்னல் திரை தைக்க ஆரம்பித்தார். மிஷினுக்கு இரண்டு பக்கமும் துணியை விறைப்பாகப் பிடிக்க அந்தக் கைகளைப் போல வேறு கை கிடையாது. திரைகள் ஒரு சுருக்கம் இல்லாமல் வந்தன. ஊர் ஜன்னல்கள் எல்லாம் அவர் தைத்த திரையால் மூடப்பட்டன. ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பின்னல்காரப் பெண்கள் கம்பளி நூலைச் சுற்ற அவர் கையை இரவல் கேட்டு வந்தார்கள். பீரோ வாங்கினவர்கள் அவரை முன்னால் நடக்கவிட்டு, அவர் நேராக நுழைய முடிந்த வாசலில் பீரோவும் நுழையும் என்று முடிவு செய்தார்கள். துறைமுகத்தில் பெரிய மீன் பிடித்ததாக யார் பீற்றிக்கொண்டாலும், அவரைக் கூட்டிவந்து தையல்காரர் முன்னால் நிறுத்தி, ஒரு அரை இன்ச்சுக்குத் தேறுமா என்று கேட்டுச் சிரித்தார்கள். ஜனம் கைகொட்டிச் சிரிக்கும்போது அவரால் பதிலுக்குக் கைகட்டி நிற்கக்கூட முடியவில்லை. கைகள் போனதைவிடப் பேர் போனதுதான் அவரை வதைத்தது.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். ஒரு நாள் அவர் மனைவியிடம் நேராகவே கேட்டுவிட்டார், நீயாவது என்னை நம்புறியா என்று. அந்த அம்மாள், "நம்புறது வேற, பார்த்தது வேறங்க" என்றார். அதற்கு அடுத்த வாரம் அவர் குறிப்பேட்டைத் திறந்து, இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துப் பறவை என்று பென்சிலால் எழுதி, தன் கையெழுத்தைப் போட்டு, இரண்டாவது கையெழுத்துக்கான இடத்தை விரலால் தட்டிக் காட்டினார். "நான் பார்க்கலையே" என்றார் தையல்காரர். பழி வாங்கவில்லை, உண்மையைத்தான் சொன்னார். ஆனால் உண்மையில் கொஞ்சம் பழியும் கலந்திருந்தது. அன்றிலிருந்து இருவரும் மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள். அதுதான் வலித்தது. முன்பெல்லாம் மனைவி நூலகத்திலிருந்து வந்ததும் அவளுடைய இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் வைத்துப் புத்தகத் தூசியைத் துடைத்துவிடுவது அவர் வழக்கம். இப்போது ஒரு கையைப் பிடிக்கலாம், இரண்டையும் சேர்த்துப் பிடிக்க முடியாது. அந்த அம்மாள் தூசியைத் தானே புடவையில் துடைத்துக்கொண்டார்.

மூன்று வருடம் நான்கு மாதம் கழித்து, தொலைத்த இடத்தில்தான் தேட வேண்டும் என்று படகுக்காரர் சொல்ல, அதே ஐந்து பேரும் அதே படகில் அதே ஒன்பது மைலுக்குப் போனார்கள். இடது பக்கம் பறவை, வலது பக்கம் மீன், நடுவில் கூடை. மச்சினனும் டாக்டரும் வழியிலேயே கலந்து பேசி ஒரு திட்டம் வைத்திருந்தார்கள். படகு நின்றதும் டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, யோசித்துப் பார்த்தால் அன்றைக்குத் தானும் அந்த மீனைப் பார்த்ததாகத்தான் ஞாபகம் என்றார். மச்சினனும் ஆமாம் ஆமாம் என்றான். கைகள் அசையவில்லை. தையல்காரர் இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மீன் என்ன நிறம் என்று கேட்டார். டாக்டர் வெள்ளி என்றார், மச்சினன் கறுப்பு என்றான். "பச்சை" என்று சொல்லிவிட்டு அவர் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

மச்சினனுக்குப் பொறுக்கவில்லை. சாப்பாட்டுக் கூடையைத் திறந்துகொண்டிருந்த அக்காவிடம் வந்து, சத்தியத்தையெல்லாம் கடலில் போட்டுவிட்டு, அந்தச் சாயங்காலத்தைச் சொல்லிவிட்டான். "நாற்பதுன்னார்க்கா. ஒன்றரை இன்ச்சு கிட்ட வந்துச்சு. இன்னும் கொஞ்சம் குறைச்சிருந்தா அன்னிக்கே விடுதலை. மறுபடி தானே விரிச்சுக்கிட்டார். வீம்புக்கு ஒரு அளவு இல்லையா?" என்றான். பிறகு கோபத்தில் தன் சாப்பாட்டுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போய் டாக்டரோடு உட்கார்ந்துகொண்டான். படகுக்காரர் எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நூலகர் துடுப்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு கணவரின் முதுகைப் பார்த்தார். மூன்று வருடம் நான்கு மாதம் பக்கவாட்டில் வாசல் நுழைந்த முதுகு. ஒன்றரை அங்குலத்தை விட்டுக்கொடுக்க மனசில்லாமல் இத்தனையும் சுமந்த மனிதருக்கு எதிரே உட்கார்ந்து இன்னொரு கையெழுத்து வேண்டும் என்று கேட்டிருக்கிறோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. கரண்டியைக் கீழே வைத்தார். குறிப்பேட்டைத் திறந்தார். பறவைகளுக்கு மட்டுமான அந்த ஏட்டில், பேனாவால், மீன் ஒன்று, பச்சை, ஆறு புள்ளிகள், நாற்பத்தொன்றரை அங்குலம் என்று எழுதி, பார்த்தவர் என்ற இடத்தில் கணவரைக் கையெழுத்துப் போடச் சொல்லி, இரண்டாவது இடத்தில் தான் போட்டார். கையெழுத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்தார். தையல்காரர் அதைப் படித்தார். 'நான் மீனைப் பார்க்கவில்லை. ஆளைத் தெரியும்.'

தையல்காரர் ஏட்டின் முன்பக்கங்களைப் புரட்டச் சொல்லி, பென்சிலில் மங்கியிருந்த இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துப் பறவைக்குக் கீழே, இரண்டாவது இடத்தில் கையெழுத்துப் போட்டார். "நீ எழுதினதையே நானும் எழுதலாமா? காப்பி அடிச்சதா ஆயிடுமே" என்றார். "அடிங்க" என்றார் மனைவி. அவரும் எழுதினார்.

பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கைகளைக் கடல் பக்கம் நீட்டியபோது அவற்றின் நடுவில் கனம் விழுந்தது. மீன் வந்திருந்தது. மூக்கு இடது உள்ளங்கையிலும் வால் வலது உள்ளங்கையிலும் பொருந்தி, முன்னும் பின்னும் ஒரு நூலிழை மிச்சமில்லாமல், அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. இருவரில் யாரும் கத்தவில்லை. அந்த அம்மாள் குனிந்து விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். ஆறு. நாலாவதுக்குப் பிறகு ஒரு பொத்தான் விட்டுப்போயிருந்தது. அவர் நிமிர்ந்தபோது படகின் மேல் நிழல் விழுந்தது. புத்தகத்தில் போட்டிருந்த அதே வெள்ளை, இறக்கை நுனியில் அதே கறுப்பு. அது அவசரமே இல்லாமல் இறங்கிவந்து, தன் பெயரில் வந்த பார்சலை வாங்கிக்கொள்கிறவர் மாதிரி மீனை எடுத்துக்கொண்டு, தெற்கே திரும்பிப் போய்விட்டது. தையல்காரர் பழக்கதோஷத்தில் இறக்கையை அளந்துவிட்டார். "பத்தடி நாலு இன்ச்சு" என்று மனைவியிடம் மட்டும் சொன்னார். முன்பக்கத்தில் டாக்டரும் மச்சினனும் முட்டையின் மஞ்சள் கருவை யார் சாப்பிடுவது என்று தகராறு செய்துகொண்டிருந்தார்கள். கத்தல் எதுவும் கேட்காததால் படகுக்காரர் எஞ்சினைக்கூடப் பார்க்கவில்லை.

கைகள் சும்மா தொங்குவதை முதலில் கவனித்தவன் மச்சினன்தான். மாமா இரண்டு கையையும் தொடையில் தேய்த்துச் செதிலைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்ன ஆச்சு, எப்படி ஆச்சு என்று அவன் அக்காவைத் துளைத்தெடுத்தான். மீன் வந்தது, பறவை வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டது, இரண்டையும் இரண்டு பேரும் பார்த்தாயிற்று, ஏட்டில் ஏறியாயிற்று என்று அந்த அம்மாள் நூலகத்தில் பதில் சொல்கிற குரலிலேயே சொன்னார். மச்சினன் டாக்டரைப் பார்த்தான். டாக்டரின் உதட்டோரம் சிரிப்பு எட்டிப்பார்த்தது.

"எவ்வளவு பெரிய பறவைக்கா?" என்றான் மச்சினன்.

நூலகர் காட்டுவதற்காக இரண்டு கைகளையும் விரிக்கத் தொடங்கினார். தையல்காரர் ஒரே எட்டில் குறுக்கே பாய்ந்து அந்த இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துத் தன் உள்ளங்கைகளுக்குள் வைத்து அழுத்திக்கொண்டார். "இருநூத்துப் பன்னிரண்டாம் பக்கத்துல போட்டிருக்கு, போய்ப் படிச்சுக்க" என்றார். கரை வந்து சேர ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை அவர் பிடியை விடவில்லை, அந்த அம்மாளும் உருவிக்கொள்ளவில்லை. படகிலிருந்து இறங்கும்போதும் இருவரும் அப்படியேதான் இறங்கினார்கள், பக்கவாட்டில்.